சாரநாதன் பெயரில் இருந்த ஏகாதசிகள்

சாரநாதன் எப்போது காலமானார் என்பதில் கல்கத்தா சால்ட் லேக்கின் அந்தக் குடியிருப்பில் இரண்டு கட்சி இருந்தது. கொரோனாவில் போயிருக்க வேண்டும் என்று கீழ்த்தளத்துக்காரர்கள் சொன்னார்கள். அதற்கெல்லாம் ரொம்ப முன்னாலேயே, பிள்ளை சின்னவனாக இருக்கும்போதே போய்விட்டார், அந்த அம்மாள் ஒண்டியாகவே வளர்த்து ஆளாக்கினாள் என்று மூன்றாம் மாடியில் நம்பினார்கள். எப்படிப் போனார் என்று அந்த அம்மாளிடமே கேட்கும் அளவுக்கு யாரும் நாகரிகம் கெட்டவர்கள் இல்லை. சாரநாதனோ இது ஒன்றும் தெரியாமல் ஸ்ரீரங்கத்தில் தம்பி வீட்டு மாடியில் வேட்டி உலர்த்திக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் பெயர் ரங்கநாயகி. வயது ஐம்பத்தாறு. கல்கத்தாவுக்கு வந்து முப்பத்தோரு வருஷம் ஆகிறது. அதில் இருபத்தெட்டு வருஷம் லேக் மார்க்கெட் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில், நான்கு பக்கமும் தமிழ்க் குரல் கேட்கக் கழிந்தது. அதனால் பெங்காலி அவளுக்குக் காதில் ஏறியதே தவிர நாக்குக்கு வரவில்லை. யார் என்ன பேசினாலும் புரியும், பதில் சொல்லத்தான் வராது. இப்படிப்பட்டவர்களைப் பற்றி ஊரார் என்ன வேண்டுமானாலும் முடிவு செய்துகொள்ளலாம், மறுப்பு வராது.

சாரநாதன் ஒரு தேயிலைக் கம்பெனியில் கணக்குப் பார்த்தவர். ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் நெஞ்சில் வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஸ்ட்ரெச்சரில் உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, ரங்கநாயகியின் கையைப் பிடித்தபடி பெருமாளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். பிழைத்து எழுந்தால் ஆயுசு உள்ளவரை ஒரு ஏகாதசி விடாமல், பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருப்பேன் என்றார். பெருமாள் தன் பங்கைச் செய்தார். இவரும் இரண்டு ஏகாதசி இருந்தார். பிறகு வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் போய்ப் பதினைந்து நாளில் திரும்புவதாகச் சொல்லிக் கிளம்பினவர், தம்பி வீட்டு மாடி அறை நல்ல காற்றோட்டமாக இருப்பதைக் கண்டு அங்கேயே தங்கிவிட்டார்.

அங்கே இருந்த முதல் ஏகாதசியன்று நடுப்பகலில் அவருக்குத் தலை சுற்றியது. சர்க்கரை மாத்திரை போடுகிறவர் வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டர் சொன்னதையும் மீற முடியாது, பெருமாளுக்குச் சொன்னதையும் மீற முடியாது. இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கல்கத்தாவுக்குப் போன் செய்தார்.

"ஆம்படையானுக்கு முடியலைன்னா ஆம்படையாள் அவனுக்குப் பதிலா இருக்கலாம்னு சாஸ்திரமே இடம் கொடுக்கறது ரங்கா. நீ இருந்தா நான் இருந்த மாதிரிதான்."

ரங்கநாயகி சரி என்றாள். மாட்டேன் என்று சொல்வதற்கு அது வேறு எதுவுமில்லை, அவர் உயிர்.

அன்றிலிருந்து மாதம் இரண்டு ஏகாதசி. தசமி ராத்திரி வாயைக் கொப்பளித்தால் துவாதசி விடிந்து பெருமாள் தீர்த்தம் உள்ளே போகிறவரை, நடுவில் ஒரு உத்தரணி துளசித் தீர்த்தம் தவிர ஒன்றும் கிடையாது. துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரை வேண்டும். சால்ட் லேக் சந்தையில் அகத்திப் பூவை வறுத்துத் தின்பதற்கென்று விற்பார்கள், இலையைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். கீரைக்காரர் இவளுக்காக அந்த இலையைக் கட்டி எடுத்து வைக்கப் பழகிக்கொண்டார். பூவை விட்டுவிட்டு இலையை வாங்கிப் போகிறாளே என்று அவருக்கு ஒரே பரிதாபம்.

சால்ட் லேக்குக்கு அவள் வந்ததே மகன் உதய்க்காகத்தான். அவனுக்கு அங்கே செக்டர் ஃபைவில் ஐ.டி. வேலை கிடைத்ததும் லேக் மார்க்கெட் வீட்டைக் காலி செய்துகொண்டு இருவரும் இந்தக் குடியிருப்பின் இரண்டாம் மாடிக்குக் குடிவந்தார்கள். ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தார்கள், அப்புறம் தினம் வந்தார்கள், அப்புறம் அவர்களுடைய நண்பர்களும் வந்தார்கள். பத்தே மாதத்தில் உதய் கனடா போய்விட்டான். நண்பர்கள் போகவில்லை. இப்போது பதினோரு கேரியர் நிறைகிறது. பெரும்பாலும் மதுரை, ஈரோடு, திருநெல்வேலியிலிருந்து வந்த பிள்ளைகள். ரங்கநாயகிக்குத் தன் கையால் ஒரு தொழில் என்று வாழ்க்கையில் முதல்முதலாக அமைந்தது அதுதான். காலையில் ஐந்து மணிக்கு அடுப்பை ஏற்றும்போது அவள் மனசுக்குள் ஒரு மிடுக்கு வந்து உட்காரும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஏகாதசியன்றும் சமையல் உண்டு. பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? பட்டினியோடு சாம்பார், ரசம், கறி, சாதம் எல்லாம் செய்வாள்.

இனி அவள் விதவையான கதை. குடியிருப்பின் ஆண்டு விருந்து ஒரு முறை ஏகாதசியில் விழுந்துவிட்டது. மாடியில் பந்தல் போட்டு, லூச்சிப் பூரியும் ஆலூர் தம் என்கிற உருளைக்கிழங்குக் கறியும் சட்னியும் பாயசமுமாக அமர்க்களப்பட்டது. ரங்கநாயகி போகாவிட்டால் தப்பாக நினைப்பார்கள் என்று போனாள். போய்த் தண்ணீர்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, இரண்டு பாஷைக்கும் பொதுவாக இருந்த ஒரே வார்த்தையைச் சொன்னாள். ஏகாதசி.

சுற்றி இருந்தவர்கள் முகம் மாறியதை அவள் கவனித்தாள். பக்தியைக் கண்ட மரியாதை என்று எடுத்துக்கொண்டாள். வங்காளத்துப் பழைய வழக்கத்தில் தண்ணீர் குடிக்காத ஏகாதசி விதவைகளுக்கு உரியது, கணவன் உயிரோடு இருக்கிறவள் அதன் பக்கமே போக மாட்டாள் என்பதை இருபத்தெட்டு வருஷத்து லேக் மார்க்கெட் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அந்த ஊர்ச் சுமங்கலிக்கு அடையாளமான சங்கு வளை அவள் கையில் இல்லை, வகிட்டில் சிந்தூரம் இல்லை, வீட்டில் புருஷன் இல்லை. ரவிக்கைக்குள் கிடந்த திருமாங்கல்யம் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. கால் மெட்டியைப் படிக்க அங்கே யாருக்கும் தெரியாது. நெற்றிக் குங்குமத்தை எல்லாரும் வைத்துக்கொள்கிற பொட்டு என்று கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஆக, தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டுவிட்டது.

எதிர்வீட்டு நந்திதாவுக்குத்தான் அதிகக் கோபம் வந்தது. கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், எல்லாருக்கும் நந்திதா தீதி, அதாவது அக்கா. அவருடைய அப்பாவின் அக்கா பதினாலு வயதில் தாலியறுத்தவள். வைகாசி வெயிலில் ஏகாதசியன்று அவள் ஈரத் தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு கிடந்ததைச் சிறுமியாக இருக்கும்போது பார்த்தவர் நந்திதா. அதனால் தன் கணவர் போன பிறகு ஏகாதசிக்கு ஏகாதசி தவறாமல், பசியே இல்லாவிட்டாலும், மீன் சாப்பிடுவதை அவர் ஒரு கொள்கையாக வைத்திருந்தார். சொல்லப்போனால் அந்தக் கட்டடத்தில் திதி பார்த்து நடந்தவர்கள் இரண்டே பேர்தான், ரங்கநாயகியும் நந்திதாவும்.

அந்தச் சமயத்தில்தான் குடியிருப்புக் கமிட்டியின் செயலாளர் ரஞ்சன் ரங்கநாயகிக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பியிருந்தார். மின்சார இலாகாவில் இன்ஜினியராக இருந்தவர், விதி என்றால் விதிதான் அவருக்கு. வீட்டில் வைத்து வியாபாரம் செய்யக் கூடாது, முப்பது நாளில் சமையலை நிறுத்த வேண்டும் என்பது நோட்டீஸ். ரங்கநாயகி இரண்டு ராத்திரி தூங்கவில்லை. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் நந்திதா எழுந்து அரைமணி நேரம் பேசினாராம். நாதியற்ற ஒரு விதவை, இந்தக் காலத்திலும் ஏகாதசியில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வாடுகிறவள், நாலு பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் பிழைக்கிறாள், அந்த அடுப்பை அணைக்கவா நாம் கமிட்டி வைத்தோம் என்று கேட்டாராம். ரஞ்சனுக்கே கண் கலங்கிப் போயிற்று. ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். நோட்டீஸ் வாபஸ் ஆனது.

வாபஸ் ஆனது மட்டும்தான் ரங்கநாயகிக்குத் தெரியும். பெருமாள் கண் திறந்தார் என்று நினைத்து, இருபத்தாறு வீட்டுக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினாள். அதன் பிறகு, விதவை வாசலில் மீன் வாடை கூடாது என்று, மீன்காரர் அவள் மாடிப்படியில் கூடையை இறக்குவதில்லை. துர்கா பூஜை விஜயதசமியில் சுமங்கலிகள் ஒருவர் முகத்தில் ஒருவர் சிந்தூரம் பூசிக் கும்மாளம் போட்டபோது, இவளுக்குச் சற்றுத் தள்ளி ஒரு நாற்காலி போட்டு, தட்டு நிறையப் பழம் கொடுத்து உட்கார வைத்தார்கள். வயதுக்கும் ஆசாரத்துக்கும் இந்த ஊரில் என்ன மரியாதை என்று போனில் சாரநாதனிடம் பெருமையாகச் சொன்னாள். அவரும் கேட்டுச் சந்தோஷப்பட்டார்.

உண்மையை உடைத்தவள் மாதங்கி. பக்கத்து ப்ளாக்கில் பேயிங் கெஸ்டாக இருக்கிற பெண், பதினோரு கேரியரில் ஒன்று அவளுடையது. அப்பா ரயில்வே, வளர்ந்தது கரக்பூரில். தமிழைவிட அவளுக்குப் பெங்காலி சுலபம். ஒருநாள் கேரியர் எடுக்க வந்தவள், மேஜை மேல் கிடந்த கமிட்டியின் ஆண்டறிக்கையை எடுத்துப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"மாமி, தப்பா எடுத்துக்காதீங்க. அங்கிள் ஸ்ரீரங்கத்துல தானே இருக்காரு? நேத்துகூட நீங்க போன்ல பேசினீங்களே?"

பிறகு அந்தத் தீர்மானத்தைத் தமிழில் சொன்னாள். 'காலஞ்சென்ற' என்ற இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.

ரங்கநாயகிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதல் காரியமாகத் திருமாங்கல்யத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இரண்டாவது காரியமாகச் செருப்புகூடப் போடாமல் எதிர்வீட்டுக்கு விரைந்தாள். காலிங் பெல்லில் விரலை வைத்தாள், ஆனால் அழுத்தவில்லை. அழுத்தினால் என்ன ஆகும் என்று ஒரு கணம் தோன்றிவிட்டது, அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது. விதவை இல்லை என்றால் தீர்மானம் இல்லை. தீர்மானம் இல்லை என்றால் அடுப்பு இல்லை. அடுப்பு இல்லை என்றால் ஸ்ரீரங்கம், தம்பி வீட்டு மாடி, ஓரகத்தியின் சமையலறையில் கேட்டுக் கேட்டு ஒரு தம்ளர் எடுப்பது. உள்ளே ரசம் பொங்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து அடுப்பைச் சிறிதாக்கினாள்.

தீபாவளி கழித்துச் சொல்லிவிடலாம் என்று வைத்துக்கொண்டாள். தீபாவளி கழிந்தது. பொங்கலுக்கு அப்புறம் என்றாள். அதுவும் கழிந்தது. சும்மா சொல்லக் கூடாது, அவளுக்கு அது பிடித்தும் இருந்தது. சுமங்கலியாக இருந்த இத்தனை வருஷத்தில், நீ சாப்பிட்டாயா என்று அவளை யாரும் கேட்டதில்லை. இங்கே படியில் பார்க்கிறவர்களெல்லாம் கேட்டார்கள். பிராயச்சித்தமாக ஏகாதசியை இன்னும் கடுமையாக்கினாள், நடுவில் சேர்த்துக்கொண்டிருந்த ஒரு உத்தரணி துளசித் தீர்த்தத்தையும் நிறுத்தினாள். அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று அவள் பட்டினி கிடக்கக் கிடக்க, அவர் செத்துப்போனது குடியிருப்பில் மேலும் மேலும் உறுதியாயிற்று.

இப்படியிருக்க, புரட்டாசியில் தம்பி வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்தார்கள். சுண்ணாம்பு நெடி சாரநாதனுக்கு ஆகாது. பத்து நாள் கல்கத்தா வருகிறேன் என்று போன் செய்தார்.

சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியவரைப் பார்த்து ரங்கநாயகி ஒரு நிமிஷம் தயங்கினாள். டெரிகாட்டன் பேன்ட் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனவர் இப்போது கட்டுக்குடுமி, பன்னிரண்டு திருமண், பஞ்சகச்சம் என்று திவ்யமாக இருந்தார். உடம்பு நன்றாகத் தேறியிருந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்றரை வருஷத்துப் பட்டினி வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டாள். டாக்ஸியில் ஏறியதும் சொல்லிவிடுவது என்று வீட்டிலேயே முடிவு செய்திருந்தாள்.

"அங்க எல்லாரும் நீங்க இல்லைன்னு நினைச்சிண்டிருக்கா."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா இல்லைதான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். விருந்து, நோட்டீஸ், தீர்மானம், பழத்தட்டு. அவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தாள். கோபித்துக்கொண்டிருந்தால் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்திருக்கும். வண்டியைத் திருப்பு, முதலில் போய் உண்மையைச் சொல்லு, உன் அடுப்பு யாருக்கு வேண்டும் என்று கத்தியிருந்தால், கத்தினபடியே செய்திருப்பாள். டாக்ஸி பாலம் ஏறி ஹூக்ளியைத் தாண்டும்போது சாரநாதன் விரல்விட்டு எதையோ எண்ணினார்.

"எந்தத் திதின்னு சொல்லியிருக்கே?" என்று கேட்டார்.

திதியெல்லாம் யாரும் கேட்கவில்லை என்றாள். திதி இல்லாமல் ஒருத்தர் எப்படிப் போக முடியும், பெங்காலிகளுக்கு இதிலெல்லாம் கவனம் போதாது என்று குறைப்பட்டுக்கொண்டார். அடுப்பு நின்றால் அவள் ஸ்ரீரங்கத்துக்கு மூட்டை கட்டுவாள், மாடி அறையில் இரண்டு கட்டில் போட இடமில்லை என்பதும் அவருக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பத்து நாள்தானே, நான் வாயைத் திறந்து பொய் சொல்ல மாட்டேன், அவர்களாக என்னவாவது நினைத்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை என்று விஷயத்தை முடித்தார்.

அவர்களாக நினைத்துக்கொள்ள அரை நாள் ஆகவில்லை. குடுமியையும் நாமத்தையும் பார்த்ததும், விதவை அம்மாளின் வீட்டுக்குத் தெற்கத்திப் புரோகிதர் வந்திருக்கிறார் என்று லிஃப்டிலேயே தீர்மானமாகிவிட்டது. பித்ரு பட்சம் வேறு நடந்துகொண்டிருந்தது. கணவருக்குத் திதி கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறாள், பாவம் என்றார்கள். சாரநாதனுக்குப் பெங்காலி தண்ணீர் பட்ட பாடு. அது மரியாதையை இன்னும் ஏற்றியது. ரஞ்சன் வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டு, பேத்தியின் ஜாதகத்தைக் காட்டினார். கீழ்த்தளத்தில் ஒருவர், போன ஆத்மாவுக்காக என்று சொல்லி ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். சாரநாதன் தனக்கு வந்த பழத்தை ஆசீர்வாதம் செய்து வாங்கி வைத்துக்கொண்டார். ரங்கநாயகி சமையலறைக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அது சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

நாலாம் நாள் ஏகாதசி. புரட்டாசிப் புழுக்கம் விடியும்போதே ஆரம்பித்துவிட்டது. சாரநாதன் மாத்திரைக்காகக் காலையில் கோதுமை ரவை உப்புமா சாப்பிட்டார், பத்து மணிக்கு இன்னும் கொஞ்சம் கேட்டார். அரிசி இல்லை, அதனால் தோஷமில்லை. ரங்கநாயகி இரண்டு அடுப்பிலும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். பதினொன்றரை மணிக்குச் சாதக் குக்கரைத் தூக்கியவளுக்குக் கண் இருட்டியது. குக்கரை எப்படியோ மேடையில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அப்படியே சாய்ந்துவிட்டாள்.

அன்றைக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்த மாதங்கி கேரியருக்காக வந்து வாசலில் நின்றிருந்தாள். அவள் போட்ட கூச்சலில் நந்திதா ஓடி வந்தார். இருவருமாகத் தூக்கிக் கூடத்தில் உட்கார வைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். நந்திதா குளுக்கோஸ் கரைத்துத் தம்ளரை வாயருகே கொண்டுவந்தார். ரங்கநாயகி உதட்டை இறுக்க மூடிக்கொண்டாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, தம்ளரின் குளிர்ச்சி உதட்டில் பட்டது, இருந்தும் மூடிக்கொண்டாள்.

நந்திதா நிமிர்ந்தார். சோபாவில் உட்கார்ந்திருந்த புரோகிதரைப் பார்த்தார். அறுபது வருஷமாக இப்படி ஒருவரை நேருக்கு நேர் பார்ப்பதற்காகவே அவர் காத்திருந்திருக்க வேண்டும். ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. கெஞ்சித்தான் கேட்டார். நான் சொன்னால் இவள் கேட்க மாட்டாள், நீங்கள் சொன்னால் கேட்பாள், உங்கள் சாஸ்திரத்தில் இவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்க எங்கேயாவது ஒரு இடம் இருக்கும், அதைச் சொல்லுங்கள் என்றார்.

ரங்கநாயகி அவரைப் பார்த்தாள். நந்திதாவுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும். உலகத்திலேயே இந்த விரதத்தை முடித்துவைக்கக்கூடிய ஒரே மனிதர் அவர்தான். வாக்கு அவருடையது. குடி என்று ஒரு வார்த்தை, அது போதும். அதைச் சொல்வதற்கு அவர் புருஷனாகக்கூட இருக்க வேண்டாம், வந்த புரோகிதராகவே இருந்து சொல்லலாம். சாரநாதனும் அவளைப் பார்த்தார். அவர் கை மெல்ல எழுந்து, இடது மார்பில், ஸ்டென்ட் வைத்த பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

"இடமில்லை" என்றார் பெங்காலியில். "மத்தவாளுக்கெல்லாம் விலக்கு உண்டு. விதவைக்குக் கிடையாது. நாளைக்குக் காலம்பற வரைக்கும் தாங்கித்தான் ஆகணும்."

அவளுக்கு வலித்தது. மூன்றரை வருஷத்துப் பசியெல்லாம் சேர்ந்தாலும் அவ்வளவு வலித்திருக்காது. அவர் உயிருக்கு அவர் பயப்பட்டது தப்பில்லை, அது யாருக்கும் உண்டு. ஆனால் அந்த உயிர் நிலைக்க வேண்டும் என்பதற்காக, தன் வாயாலேயே, தடுமாறாமல், அவளை விதவை என்று சொன்னாரே.

"மாதங்கி" என்றாள். குரல் சன்னமாகத்தான் வந்தது. "நான் சொல்றதை அப்படியே அவாளுக்குப் பெங்காலியில சொல்லு. இவர் புரோகிதர் இல்லை. எங்காத்துக்காரர். நன்னா இருக்கார். நான் இத்தனை நாளா இருந்த ஏகாதசியெல்லாம் இவர் ஆயுசுக்காக இருந்தது."

மாதங்கி நிஜமாகவே சொல்லவா என்று கண்ணால் கேட்டாள். பிறகு சொன்னாள்.

நந்திதா தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பி, குடுமியிலிருந்து பாதம்வரை அவரை ஒருமுறை பார்த்தார். இந்தப் பெண் சொல்வது உண்மையா என்று கேட்டார். சாரநாதனுக்கு இருபத்தெட்டு வருஷத்துப் பெங்காலியும் அந்த நிமிஷத்தில் மறந்துபோயிற்று. "என்ன கேக்கறா?" என்றார் மாதங்கியிடம்.

ரங்கநாயகி அடுப்பை நினைத்தாள். எல்லாம் போயிற்று. சாயங்காலத்துக்குள் ரஞ்சனுக்குத் தெரியும், நாளைக்குத் தீர்மானம் ரத்தாகும், முப்பது நாள் மறுபடி எண்ண ஆரம்பிக்கும். ஆனாலும் சொன்னதற்கு அவள் வருத்தப்படவில்லை. பொய் ஒன்று இறங்கியதில் நெஞ்சு லேசாகியிருந்தது. பொய் சொன்னதற்குக் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாள்.

நந்திதா மாதங்கியிடம்தான் பேசினார். ஒவ்வொரு வார்த்தையாக, கூட்டத்தில் குறிப்பு எழுத வைக்கிறவரைப்போலப் பேசினார்.

"அவள்கிட்ட சொல்லு. கமிட்டி எழுதினதை மாத்த வேண்டிய அவசியம் எனக்குத் தெரியலை. இவள் விதவையான்னு நாங்க யாரையும் கேட்காம எழுதினோம், அது எங்க தப்புதான். ஆனா இன்னிக்கு முறையா கேட்டாச்சு. யார் சொன்னா செல்லுமோ அவரே சொல்லிட்டார். நீயும் நானும் சாட்சி."

மாதங்கி இதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் ரங்கநாயகிக்குப் புரிந்துவிட்டது. காதுக்குத்தான் பெங்காலி தெரியுமே. தம்ளரை வாங்கினாள். முதல் வாய் இறங்கும்போது, பழக்க தோஷம், கண் தானாக அவர் மார்புப் பக்கம் போயிற்று. அது ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. மீதியை நிதானமாகக் குடித்தாள்.

நந்திதா போனார். பதினோரு கேரியரும் நிறைந்து போயிற்று, கொஞ்சம் தாமதம்தான். பாத்திரத்தின் அடியில் இருந்த சாதத்தில் தயிரை ஊற்றிப் பிசைந்து, மாவடு ஒன்றைத் தொட்டுக்கொண்டு, ரங்கநாயகி சமையலறைத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஏகாதசியில், பட்டப்பகலில், அரிசிச் சாதம். சாரநாதன் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார். இரண்டு மணிக்கு ஒருமுறை பார்த்தார், மூன்று மணிக்கு ஒருமுறை பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. நாலு மணி சுமாருக்கு, இனிமேலும் ஒன்றும் ஆகாது என்று அவருக்கு நம்பிக்கை வந்தது.

"டிபனுக்கு என்ன பண்ணப் போறே ரங்கா?" என்றார்.

ரங்கநாயகி கூடத்தில் பாயை விரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு ஏகாதசின்னா. மாத்திரைக்கு ஒரு டம்ளர் பால் வச்சிருக்கேன், எடுத்துக்கோங்கோ. காலம்பற சாப்பிட்டது சாப்பிட்டாச்சு, இனிமே உங்க ஏகாதசியை நீங்களே இருங்கோ."

சொல்லிவிட்டு, தலைக்குக் கையை வைத்துக்கொண்டு படுத்து, வயிறு நிறைந்த தூக்கம் தூங்கினாள்.